வாசகர் கேள்வி-பதில்: விடுதலைக்குச் சாட்சி யார்?

மதத்திலும் வரலாற்றிலும் சட்டத்திலும் 'சுதந்திரம்' என்ற எண்ணம் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: சுதந்திரம், விடுதலை, வீடு, உரிமை எல்லாம் ஒரே பொருள்தானே? எந்த இடத்தில் எதை எழுதுவது?

ஒரே பொருள் இல்லை. அதிகம் ஏமாற்றுவது 'சுதந்திரம்'தான். வடமொழியில் 'ஸ்வ' என்றால் தன்னுடைய. 'தந்த்ர' முதலில் தறியையும் பாவு நூலையும் குறித்து, பிறகு ஒழுங்கு, ஆளுகை என்று விரிந்தது. ஆக, தன் ஒழுங்கில் தான் நடப்பவர் சுதந்திரர். தமிழ்நாட்டுக் கிராமக் கணக்குகளிலோ இதே சொல் களத்துமேட்டில் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டு வருவாய் ஆவணங்களைப் புரட்டினால், நெல் அளக்கும்போது மிராசுதாருக்கும் ஊர் ஊழியருக்கும் மரபாகச் சேரும் பங்குகள் 'சுதந்திரம்', 'மேரை' என்ற பெயர்களில் வரும். அங்கே சுதந்திரம் என்பது மரக்காலால் அளக்கக்கூடிய பொருள்!

பழைய தமிழ் விவிலியம் இதற்கு நல்ல சாட்சி. மத்தேயு 5:5இல் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் 'சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்' என்று வருகிறது. பூமிக்கு அவர்கள் வாரிசு ஆவார்கள் என்பதே பொருள். ஆங்கிலேயர் 'லிபர்ட்டி' என்ற இடத்துக்கு அதே மொழிபெயர்ப்பு வேறு சொல் தேடியது: யோவான் 8:32இல் சத்தியம் உங்களை 'விடுதலையாக்கும்', கலாத்தியர் 5:1இல் 'சுயாதீன நிலைமை'. பரம்பரைப் பங்கைக் குறித்த சொல் பாரதியார் காலத்தில் நாட்டுக்கு உரியதாகிவிட்டது. பொருத்தமான மாற்றம்தான், என் பங்கை எனக்குக் கொடு என்பதுதானே கோரிக்கை.

'வீடு' இலக்கணப்படி முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடானது போல, சுடு சூடானது போல, விடு என்பது வீடானது. அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் நான்காவதாக நிற்பது இந்த விடுகைதான். நம்மாழ்வார் 'வீடுமின் முற்றவும் வீடுசெய்து உம்முயிர் வீடுடையானிடை வீடுசெய்ம்மினே' என்று ஒரே மூச்சில் நான்கு முறை சொல்லிவிடுகிறார். முதல் இரண்டும் விடச் சொல்கின்றன. பின் இரண்டும் உயிரை ஒருவனிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. பக்தி மரபில் விடுதலை என்பது யாருக்கும் ஆட்படாமல் இருப்பதல்ல, ஆள்பவரை மாற்றிக்கொள்வது. அப்பர் 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று தொடங்கும் பதிகத்திலேயே சங்கரனுக்கு மீளா ஆள் என்றும் சொல்லிக்கொள்கிறார். அரசனுக்குக் குடியாக மறுப்பதற்கு அவருக்கு அந்த அடிமைத்தனம்தான் பலம்.

'உரிமை'க்குப் பழைய இலக்கியத்தில் ஒரு சங்கடமான பொருளும் உண்டு. 'உரிமை மகளிர்' என்றால் அரசனுக்கு உரிய பெண்கள். உரிமை உள்ள பெண்கள் அல்ல.

எழுதும்போது ஒரு சிறு எச்சரிக்கை. 'அவருக்கு விடுதலை' என்று செய்தி போட்டால், குற்றம் நிரூபிக்கப்படாமல் வெளியே வந்தாரா, ஜாமீனில் வந்தாரா, தண்டனை முடிந்து வந்தாரா என்று தெரியாது. மூன்றுக்கும் சட்டத்தில் வெவ்வேறு விளைவு. ஒரு சொல் கூடினாலும் பரவாயில்லை, எது என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: உலகின் மிகப் பழைய 'சுதந்திரம்' எது?

எழுத்தில் கிடைத்தவற்றுள் சுமேரியர்களின் 'அமர்கி'யைச் சொல்வது வழக்கம். நேர்ப்பொருள் 'தாயிடம் திரும்புதல்'. கடனுக்காக ஈடு வைக்கப்பட்ட பிள்ளை வீடு திரும்புவதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் காட்சி. லகாஷ் நகரை ஆண்ட என்மெதெனா, பிள்ளையைத் தாயிடமும் தாயைப் பிள்ளையிடமும் சேர்த்ததாகத் தன் சாசனத்தில் சொல்லிக்கொள்கிறார். கி.மு. 24ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட உருகாகினாவின் சீர்திருத்தங்களிலும் இது வருகிறது.

மனித உரிமைப் பிரகடனம் என்று இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் சற்று நிதானிக்கலாம். இது அரசன் விரும்பியபோது செய்யும் கடன் தள்ளுபடி. பிற்காலப் பாபிலோனில் அம்மிசதுகா என்ற அரசர் வெளியிட்ட ஆணையைப் பார்த்தால் இதன் நுட்பம் புரியும். வட்டிக்குக் கொடுத்த பார்லியும் வெள்ளியும் தள்ளுபடி. வியாபார முதலீடு தள்ளுபடி இல்லை. உடனே என்ன நடக்கும்? கடன் கொடுத்தவர் கடன் எழுதிய களிமண் பலகையை எடுத்து, 'இது வட்டிக்கடனே இல்லை, வியாபாரத்துக்குக் கொடுத்தது' என்பார். இதையும் ஆணை எதிர்பார்த்திருக்கிறது: சாட்சிகளை விசாரி, பொய் என்றால் கடுந்தண்டனை. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய தந்திரம்; இன்றைய கடன் பத்திரங்களிலும் அது அப்படியே இருக்கிறது.

கேள்வி: விவிலியம் சொல்லும் ஜூபிலி ஆண்டு நடைமுறையில் எப்படி வேலை செய்யும்? எல்லா அடிமைகளும் விடுதலையா?

கணக்கு லேவியராகமம் 25இல் இருக்கிறது. ஏழு ஏழு ஆண்டுகள், அதாவது 49; அடுத்த 50ஆம் ஆண்டில் எக்காளம் ஊதி விடுதலை கூறவேண்டும். விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அப்படியானால் யார் நிலம் வாங்குவார்கள் என்று தோன்றும். அதற்கும் விதி உண்டு: விலை நிலத்துக்கல்ல, அடுத்த ஜூபிலி வரை மீதியுள்ள அறுவடைகளுக்கு. 40 ஆண்டு இருந்தால் விலை ஏறும், 4 ஆண்டு இருந்தால் இறங்கும். நம் கணக்கில் அது கிரயம் இல்லை, நீண்ட குத்தகை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் விலக்கு. ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் வாங்கியவருக்கே நிரந்தரம்.

ஆட்களின் விஷயத்தில் 'எல்லா' என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஜூபிலி விடுதலை இஸ்ரவேலருக்கு. சுற்றியுள்ள பிற இனத்தாரிடம் வாங்கிய அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்லலாம் என்று அதே அதிகாரத்தின் 44 முதல் 46 வரையிலான வசனங்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள விடுதலை மணியில் பொறித்திருப்பது இந்த அதிகாரத்தின் 10ஆம் வசனம். 19ஆம் நூற்றாண்டில் அடிமை ஒழிப்பாளர்கள் அந்த மணியைத் தங்கள் சின்னமாக்கினார்கள். அடிமை முதலாளிகள் 44ஆம் வசனத்தைக் காட்டினார்கள். இரு தரப்புக்கும் ஒரே பக்கம் போதுமாக இருந்தது.

யாத்திராகமம் 21இல் வேறொரு கணக்கு: எபிரெய அடிமை ஆறு ஆண்டு உழைத்தால் ஏழாம் ஆண்டு விலையின்றி விடுதலை. ஆனால் எஜமான் கொடுத்த மனைவியும் அவளிடம் பிறந்த பிள்ளைகளும் எஜமானுக்கே. 'என் மனைவி பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன்' என்பவனைக் கதவு நிலையருகே நிறுத்தி, கம்பியால் காதைக் குத்த வேண்டும்; அதன்பின் அவன் ஆயுள் முழுதும் அடிமை. அவன் சம்மதித்துத்தான் குத்திக்கொள்கிறான். அந்தச் சம்மதத்தின் மதிப்பு என்ன என்பதை நீங்களே எடைபோடுங்கள். சட்டக் கல்லூரியில் 'சுயவிருப்பம்' பற்றி வகுப்பெடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எங்கே பழுதாகும் என்பதை எரேமியா 34 காட்டுகிறது. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது சிதேக்கியா ராஜா உடன்படிக்கை செய்து எபிரெய அடிமைகளை விடுவிக்க வைத்தார். எல்லோரும் விடுவித்தார்கள். பிறகு மனம் மாறி, விட்ட ஆட்களையே மறுபடி பிடித்து அடிமையாக்கினார்கள். விட்டவரே சாட்சி, விட்டவரே காவல் என்றால் இதுதான் நடக்கும்.

கேள்வி: ரோமில் அடிமையை விடுவிப்பது அவ்வளவு எளிதாமே?

எளிதுதான், வரி கட்டினால். கி.மு. 357இல் வந்த வரி, விடுவிக்கப்படும் ஆளின் மதிப்பில் 5 சதவீதம். முறைகள் மூன்று: அதிகாரி முன் கோலால் தொட்டு விடுவிப்பது, குடிக்கணக்கெடுப்பில் பெயர் சேர்ப்பது, உயில் எழுதுவது. உயிலில் தாராளம் கூடிப்போகவே, கி.மு. 2இல் ஃபூஃபியா கனீனியா சட்டம் கடிவாளம் போட்டது. 3 முதல் 10 அடிமை வைத்திருந்தால் உயிலால் விடுவிக்கக்கூடியது பாதிப் பேர். 11 முதல் 30 வரை மூன்றில் ஒரு பங்கு. 100 வரை நான்கில் ஒன்று. 500 வரை ஐந்தில் ஒன்று. எத்தனை பேர் இருந்தாலும் 100க்கு மேல் கூடாது.

12 பேர் வைத்திருப்பவருக்கு எத்தனை? மூன்றில் ஒன்று என்றால் 4. ஆனால் 10 பேர் வைத்திருப்பவருக்கே 5 கிடைக்கிறதே! முந்தைய படிநிலைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்று சட்டமே சொல்வதால் இவருக்கும் 5. உயிலில் ஒவ்வொரு பெயரையும் எழுத வேண்டும். வரம்பு தாண்டினால் எழுதிய வரிசையில் முதலில் வருபவருக்கே விடுதலை. சிலர் வரிசையே தெரியாமல் பெயர்களை வட்டமாக எழுதிப் பார்த்தார்கள். சட்ட அறிஞர் காயுஸ் அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: வட்டத்தில் முதல் பெயர் எது என்று தெரியாது, ஆகவே ஒருவருக்கும் விடுதலை இல்லை.

கேள்வி: புத்தர் எல்லோருக்கும் விடுதலை சொன்னார். அப்படியென்றால் அடிமை ஓடிவந்து துறவியாகலாமா?

கூடாது. பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளாகிய விநயம் இதில் கறாரானது. துறவு கேட்டு வருபவரிடம் சங்கத்தின் நடுவே கேட்கும் கேள்விகள் இன்றும் பாலி மொழியில் ஓதப்படுகின்றன. ஐந்து நோய்கள் உண்டா என்று கேட்டபின் வரிசையாக: மனிதன்தானா? ஆண்தானா? 'புஜிஸ்ஸோசி', நீ அடிமையில்லாதவன்தானா? 'அனணோசி', கடனில்லாதவன்தானா? அரச சேவகன் இல்லையே? தாய் தந்தை அனுமதித்தார்களா? 20 வயது நிறைந்ததா? திருவோடும் ஆடையும் உள்ளனவா?

பிறவிக் கட்டை அறுக்கவந்த சங்கம் ஊரிலுள்ள கட்டுகளை அறுக்கவில்லை. அறுத்துவிட்டு வா என்றது. அரசனோடும் கடன் கொடுத்தவரோடும் எஜமானரோடும் சண்டை வந்தால் சங்கமே நிலைக்காது என்பது காரணம். ஆனால் அடிமைத்தனத்தின் வலி தெரியாமல் அல்ல. சாமஞ்ஞபல சூத்திரத்தில் மனத்தின் ஐந்து தடைகள் நீங்கும் மகிழ்ச்சிக்கு ஐந்து உவமைகள்: கடனை அடைத்தவன், நோய் தீர்ந்தவன், சிறையிலிருந்து வந்தவன், அடிமைத்தளை நீங்கியவன், ஆபத்தான பாலைவழியைக் கடந்தவன். உள்விடுதலையைச் சொல்ல வெளிவிடுதலையை விட்டால் வேறு மொழி இல்லை.

கேள்வி: இஸ்லாத்தில்?

குர்ஆன் அடிமையை விடுவிப்பதைக் 'கழுத்தை விடுவித்தல்' என்கிறது (90:13). சத்தியத்தை முறித்தால் அதற்குரிய பரிகாரங்களில் ஒன்றாக அது வருகிறது (5:89). ஜகாத் என்ற கட்டாய தானப் பணத்தைச் செலவிட வேண்டிய எட்டு வகைகளிலும் ஒன்று (9:60). தன்னைத்தானே தவணையில் மீட்டுக்கொள்ள விரும்பும் அடிமைக்கு, அவரிடம் நன்மை கண்டால் ஒப்பந்தம் எழுதிக்கொடுங்கள், பணமும் கொடுங்கள் என்கிறது 24:33. முறையை ஒரேயடியாகத் தடை செய்யாமல், வெளியே போகும் வாசல்களைப் பெருக்கிய அணுகுமுறை. தடை பிற்கால அரசுகளின் சட்டங்களால் வந்தது.

கேள்வி: மதச் சகிப்புத்தன்மையும் மத சுதந்திரமும் ஒன்றா?

சகிப்பவர் நாளைக்குச் சகிக்காமலும் இருக்கலாம். பிரான்ஸ் அரசர் 1598இல் நான்டெஸ் ஆணையால் புராட்டஸ்டன்ட்களுக்கு இடமளித்தார். 1685இல் அவருடைய பேரன் அதை ரத்து செய்தார். 1649ஆம் ஆண்டின் மேரிலாந்து சட்டம் சகிப்புச் சட்டம் என்றே புகழ்பெற்றது. திரித்துவத்தை (கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் ஒருவர் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை) மறுத்தால் அதே சட்டத்தில் மரண தண்டனை.

உரிமை என்று ஆனபிறகும் ஒவ்வொரு சொல்லுக்கும் இழுபறிதான். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் உறுப்பு மதத்தை 'மாற்றிக்கொள்ளும்' சுதந்திரத்தை வெளிப்படையாகச் சொன்னது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் அந்தச் சொல் போய், விரும்பிய மதத்தைக் 'கொண்டிருக்க அல்லது ஏற்க' என்று ஆயிற்று. இந்திய அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவில் 'பரப்பவும்' என்ற சொல் இருக்கிறது. அதில் மற்றவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

படிக்கும்போது ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம்புவது உள்ளே, அதற்கு எந்த அரசும் வரம்பிட முடியாது. வழிபாடு, ஊர்வலம், உடை, பிரசாரம் வெளியே. இவற்றுக்குப் பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் என்ற காரணங்களால் வரம்பு வரலாம். வழக்குகள் எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கின்றன. 1986ஆம் ஆண்டின் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று குழந்தைகளைப் பள்ளி நீக்கியது செல்லாது என்றார்கள். பேசும் உரிமைக்குள் வாய்மூடி இருப்பதும் அடக்கம்.

கேள்வி: ஆட்கொணர்வு மனு என்றால் காணாமல்போனவரைக் கண்டுபிடிக்கும் மனு என்கிறார்கள். சரியா? எப்படிப் போடுவது?

பாதி சரி. மனுவின் கேள்வி 'ஆள் எங்கே' என்பது மட்டுமல்ல, 'எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய்' என்பதும். பதில் சொல்லும் சுமை பிடித்து வைத்தவர்மேல் விழுவதுதான் இதன் பலம். 1679இல் இங்கிலாந்து இதற்கென்றே சட்டம் செய்தது. 1771இல் ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமை ஜமைக்காவுக்குப் போகும் கப்பலில் சங்கிலியோடு கிடந்தபோது இந்த மனுதான் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தது. அடிமைமுறையே ஒழிந்தது என்று 1772இல் வந்த தீர்ப்பைச் சிலர் எழுதுவார்கள். இல்லை. இங்கிலாந்திலிருந்து ஓர் ஆளை வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம்தரவில்லை என்றுதான் மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்னார்.

இந்திய நடைமுறை இது. உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின்கீழ், உச்ச நீதிமன்றத்தில் 32ஆம் பிரிவின்கீழ். அடைபட்டவர் கையெழுத்துப் போட முடியாது என்பதால் உறவினரோ நண்பரோ போடலாம். பிரமாணப் பத்திரத்தில் தேதி, நேரம், இடம், கூட்டிச்சென்றது யார், கடைசியாகப் பார்த்தது யார், அதன்பின் எந்த அதிகாரிக்கு எப்போது புகார் அனுப்பினீர்கள் என்பது வரவேண்டும். புகாரின் நகலும் அனுப்பியதற்கான ரசீதும் இல்லாமல் போனால் முதல் விசாரணையிலேயே மனு தளர்ந்துவிடும். தனியார் பிடித்து வைத்திருந்தாலும் மனு போடலாம். ஆனால் 18 வயது நிறைந்த பெண்ணைப் பெற்றோர் கேட்டு வந்தால், நீதிபதி அந்தப் பெண்ணைத்தான் கேட்பார். அவர் விருப்பப்படி நின்றால் வழக்கு அங்கேயே முடிந்தது.

தோற்பது பெரும்பாலும் எங்கே? கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் கணக்கில் சேராது. நிறுத்தி, காவலில் வைக்க ரிமாண்ட் உத்தரவும் வாங்கிவிட்டால், பொதுவாக இனி வழி ஜாமீன் மனுதான். அப்போதும் ஆட்கொணர்வு மனுவோடு நிற்பவர்கள் நாளை வீணாக்குகிறார்கள். குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக் காவல் வேறு கதை. அதில் காரணங்களையும் ஆவணங்களையும் அடைபட்டவருக்குப் புரியும் மொழியில், படிக்கக்கூடிய நகலாகக் கொடுக்க வேண்டும். அவர் அனுப்பும் முறையீட்டைத் தாமதிக்காமல் பரிசீலிக்க வேண்டும். மங்கிய ஒரு பக்க நகலுக்காகவே உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. பொடி விஷயம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எழுத்து தெரியாத நகலை வைத்துக்கொண்டு எதை மறுத்து எழுதுவது?

இந்த மனுவே கைவிட்ட காலமும் உண்டு. நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் மனுவுக்கே இடமில்லை என்றது. மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர். 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், நெருக்கடியிலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்று கதவைச் சாத்தியது. தீர்ப்பு முறையாக நீக்கப்பட்டது 2017இல்தான். பெரும்பான்மையில் இருந்த நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பில் அது நடந்தது.

இன்னொரு வழக்கையும் சொல்லவேண்டும். பீகாரில் ரூதுல் ஷா 1968இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகியும் 1982வரை சிறையில் இருந்தார். தீர்ப்பு இருந்தது, கதவைத் திறக்க ஆளில்லை. 1983இல் உச்ச நீதிமன்றம் ஏற்கனவே தரப்பட்ட 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

கேள்வி: பிரிட்டன் 1833இல் அடிமைமுறையை ஒழித்தபோது நஷ்டஈடு கொடுத்ததாமே. யாருக்கு?

உடைமையாளர்களுக்கு, 2 கோடி பவுன். உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் வாரம் 45 மணி நேரம் கூலியின்றி அதே எஜமானிடம் வேலை செய்ய வேண்டும். 1838இல்தான் அது முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்குச் சட்டமே பொருந்தவில்லை.

இந்தியாவுக்கு 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமைமுறை ஒழிந்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தாது என்பதுதான் அதன் மையம். கோர்ட் கதவு அடைந்தால் உரிமை செத்துவிடும் என்பது கணக்கு. எஜமானர்கள் கோர்ட்டுக்கே போகவில்லை. கடன் சீட்டு போதுமாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதனால்தான் ஆளை மட்டும் விடாமல் கடனையும் அழிக்கிறது (6ஆம் பிரிவு). அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் கொடுத்தவருக்கே (15ஆம் பிரிவு). மீட்கப்பட்டவர் கேட்டு வாங்க வேண்டியது விடுவிப்புச் சான்றிதழ். அது கையில் இல்லாமல் ஊர் திரும்பினால், பழைய முன்பணத்தைச் சொல்லி மறுபடி ஆள் வரும். மறுவாழ்வு உதவி கேட்கவும் தாள் இருக்காது.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சிப் படங்களில் வரும் சிவப்புத் தொப்பி எதற்கு?

விடுதலையான ரோம அடிமை அணிந்த கம்பளிக் குல்லாவை நினைத்து வைத்தது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்தில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவே அந்தக் குல்லாவே இருக்கிறது. ஆனால் புரட்சிக்காரர்கள் போட்டுக்கொண்டது நுனி முன்பக்கம் மடிந்த பிரிஜியத் தொப்பி. ரோமர் குல்லாவுக்கு நுனி மடியாது. தொப்பி மாறிப்போனதை அன்றைக்கு யாரும் பெரிதுபடுத்தவில்லை.